பட்டறைக்கு வெளியே ஒரு கருவி

2016 மார்ச் மாதம் டோக்கியோவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜிப்லி ஸ்டூடியோ தன் படங்களுக்கு உபயோகித்துவந்த டூன்ஸ் என்ற மென்பொருள் மார்ச் 26ந் தேதி முதல் யாருக்கும் இலவசம். அதன் மூல நிரலும் கூடவே தரப்படும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். புதிய பெயர் ஓப்பன் டூன்ஸ். அவ்வளவுதான் செய்தி. ஒரு பட்டறை தன் உளியை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்ட மாதிரி.

இதை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகப் படித்துவிட்டு நகர என்னால் முடியவில்லை. கலை பற்றி எழுதுகிற நாம் படைப்பைப் பற்றிப் பேசுகிறோம், படைப்பாளியைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். இடையில் இருக்கும் கருவி நம் கண்ணில் படுவதே இல்லை. எழுத்தாளனுக்குப் பேனாவும் தாளும் போதும் என்பதால் வந்த அலட்சியம் இது. சித்திரப்படத்தில் அப்படியில்லை. அங்கே நூற்றுக்கணக்கான கைகள் ஒரே கோட்டைத் தொடர்கின்றன. அந்தக் கைகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு கருவிதான். அந்தக் கயிற்றை ஒரு ஸ்தாபனம் அவிழ்த்துப் பொதுவில் போடும்போது எது கொடுக்கப்படுகிறது, எது கொடுக்கப்படாமல் நின்றுவிடுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முப்பது வருஷச் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், டூன்ஸ் ஜிப்லியில் பிறந்ததல்ல. ரோம் நகரத்து டிஜிட்டல் வீடியோ என்ற கம்பெனி 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வியாபாரச் சரக்கு அது. 1995ல் வெளியான 'பால்ட்டோ', 1997ல் வெளியான 'அனஸ்தாசியா' போன்ற மேல்நாட்டுப் படங்களில் அது வேலை செய்திருக்கிறது. ஜிப்லி அதை வாங்கியது 'மோனோனோகே இளவரசி' படத்தின்போது. அந்தப் படமும் 1997ல் வெளியானதுதான். ஆனால் வாங்கிய கருவி வாங்கியபடியே இருந்துவிடவில்லை. சுமார் இருபது வருஷம் அந்தப் பட்டறையின் தேவைக்கேற்பத் தேய்ந்தும் வளைந்தும் ஜிப்லிக்கென்றே ஒரு பதிப்பாக அது மாறியது. கடையில் வாங்கிய அரிவாளுக்கு வீட்டுக்காரன் போட்ட பிடி போல. 2016ல் வெளியே வந்தது அந்தப் பிடியோடு கூடிய அரிவாள். அதனால்தான் இந்தச் சம்பவம் என் கவனத்தில் நிற்கிறது.

அதன் மதிப்பு தெரியவேண்டுமானால் அதற்கு முன்னாலிருந்த வேலைமுறை தெரியவேண்டும். கலைஞன் தாளில் பென்சிலால் வரைகிறான். அந்தக் கோடு செல் எனப்படும் கண்ணாடி போன்ற மெல்லிய தகட்டுக்கு மாற்றப்படுகிறது. தகட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கமாக வர்ணம் பூசுகிறார்கள். உலர்ந்தபின் பின்னணி ஓவியத்தின்மேல் அதை வைத்து, மேலிருந்து காமிராவால் ஒவ்வொன்றாகப் படமெடுக்கிறார்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினால் விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரம், மூன்று சட்டத்துக்கு நிறுத்தினால் எட்டு. அப்படியும் 'மோனோனோகே'வுக்குச் சுமார் 1,44,000 செல் தகடுகள் ஆயின.

தகட்டுக்குத் தகட்டுக்கே உரிய சங்கடங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து அடுக்கினால் அடியிலிருப்பதன் நிறம் மங்கும். ஆகவே ஒரு பாத்திரம் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குப் போனால் அதற்குக் கொஞ்சம் வெளிறிய வேறு வர்ணம் கலக்கவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் வர்ணப் பகுதியில் இருந்தவர்களின் மூளையில் இருந்தது. புத்தகத்தில் இருந்ததைவிட விரலில் இருந்தது அதிகம். உலகின் பெரிய ஸ்டூடியோக்களில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். டிஸ்னியில் மையும் வர்ணமும் பூசும் பகுதி பெண்களின் பகுதியாகவே நெடுங்காலம் இருந்தது. 1961ல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் பென்சில் கோட்டை நகல் யந்திரமே செல்லுக்கு மாற்றியபோது, மை தொட்டுக் கோடு வரைந்த கைகளுக்கு வேலை குறைந்தது. கருவி மாறும்போதெல்லாம் யாரோ சிலர் எழுந்து வெளியே போகிறார்கள். சித்திரப்பட வரலாற்று நூல்களில் இயக்குநர்களுக்கு அத்தியாயங்கள் உண்டு. இவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு பத்தி.

ஜிப்லியில் அந்த வர்ணப் பகுதியின் தலைவி மிச்சியோ யாசுதா. 1939ல் பிறந்தவர். 1958ல் தோயெய் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். மியாசாகியையும் தகாஹாதாவையும் அங்கேதான் தெரிந்துகொண்டார். பிறகு அவர்கள் படங்களில் புல் எந்தப் பச்சை, மாலை எந்தச் சிவப்பு என்று தீர்மானித்த கண் அவருடையது. செல்லிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்தை ஜிப்லி கடந்தது அவர் பொறுப்பிலிருந்தபோதுதான். 'மோனோனோகே'யில் பத்து நிமிஷ அளவுக்குத்தான் கம்ப்யூட்டரில் வர்ணம் பூசினார்கள். மிச்சமெல்லாம் தகடு. படம் பார்க்கிறவனுக்கு எது தகடு எது கம்ப்யூட்டர் என்று பிரித்துத் தெரியக்கூடாது. இரண்டும் ஒரே நிறமாக இருந்தாகவேண்டும். யந்திரம் மனுஷியின் நிறத்தை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்த கட்டம் அது.

அடுத்த படத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 1999ல் தகாஹாதா எடுத்த 'பக்கத்து வீட்டு யமாதாக்கள்' ஜிப்லியின் முதல் முழுக் கம்ப்யூட்டர்ப் படம். திரையில் தெரிவது என்னவோ ஈரத்தாளில் தொட்டுவிட்ட நீர்வர்ணம். கோடு பாதியில் நின்றுவிடுகிறது. வர்ணம் ஓரத்தில் கரைந்து தாளின் வெண்மையில் ஒடுங்கிவிடுகிறது. செல் தகட்டில் இது சாத்தியமில்லை. தகட்டில் வர்ணம் விளிம்புவரை திட்டாக நிற்கும். கரையத் தெரியாது. ஆக, அந்த ஸ்டூடியோ கம்ப்யூட்டரை முழுமனதாக ஏற்றுக்கொண்டது தாளுக்குத் திரும்பிப் போவதற்காக. நவீனமானது எப்போதும் முன்னோக்கித்தான் போகும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்கலாம். 2013ல் தகாஹாதா எடுத்த 'காகுயா இளவரசி'யில் இதே வழி இன்னும் தூரம் போயிற்று.

ஓப்பன் டூன்ஸை நான் என் மேஜைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். நான் ஓவியனல்ல. படம் செய்யும் உத்தேசமும் இல்லை. ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்தது, இந்த மென்பொருள் ஒரு சரித்திர ஆவணம் என்பது. இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இங்கே முதலில் கண்ணில் படுவது மேலிருந்து கீழே இறங்கும் ஒரு பட்டி. சட்ட எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்தில் பத்தி பத்தியாகச் சித்திர எண்கள். அனிமேஷன்காரர்கள் தாளில் எழுதிக் காமிராக்காரனிடம் கொடுத்தனுப்பிய காலப்பட்டி அப்படியே கண்ணாடித் திரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சித்திரத் தாள்கள் நகராமலிருக்க அவற்றில் துளையிட்டு மேஜையின் முளைகளில் மாட்டுவார்கள். இந்த மென்பொருள் வருடியெடுத்த தாளில் அந்தத் துளைகளைத் தேடிப்பிடித்து, அதை வைத்துத் தாளை நேராக்கிக்கொள்கிறது. படத்தைப் பார்க்கும் சாளரத்தின் ஒரு நிலைக்குக் காமிரா ஸ்டாண்டு என்று பெயர். காமிராவும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. வழக்கொழிந்த தொழிலின் சொற்கள் பழமொழிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல.

கோட்டையும் நிறத்தையும் அது கையாளும் விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரு புள்ளியின் நிறம் இதுவென்று அது நேராக எழுதிவைப்பதில்லை. இந்தப் புள்ளி இன்ன எண்ணுள்ள கோடு, இன்ன எண்ணுள்ள வர்ணம், இரண்டும் இங்கே இந்த விகிதத்தில் கலக்கின்றன என்று குறித்துவைக்கிறது. நிறங்கள் தனியே ஒரு தட்டில் இருக்கின்றன. தட்டில் மூன்றாம் எண் நிறத்தை மாற்றினால் அந்தப் பாத்திரத்தின் சட்டை நூறு சித்திரத்திலும் மாறிவிடுகிறது. ஜப்பானிய அனிமேஷனில் நிழலின் எல்லையைச் சிவப்பு, நீலப் பென்சில்களால் குறிப்பார்கள். படத்தில் அந்தக் கோடு தெரியக்கூடாது. பக்கத்து நிறத்தில் அது மறைந்துவிடவேண்டும். கோட்டுக்கென்று தனி எண் இருப்பதால் இந்த மென்பொருளில் அது இயல்பாகவே முடிகிறது. வர்ணம் கலக்கிய பெண்களின் குப்பிகளில் எண் எழுதி ஒட்டிய சீட்டுகள் இங்கே எண்களாகவே மிஞ்சியிருக்கின்றன என்று எனக்குப் பட்டது.

இதோடு சேர்ந்து வெளிவந்த இன்னொன்று ஜிடிஎஸ் என்ற வருடும் கருவி. ஜிப்லி தன் வேலைமுறைக்கேற்பச் செய்துகொண்டது. ஒரு காட்சியின் சித்திரங்களை எந்த அமைப்பில், எந்த எண்வரிசையில் வருடினோம் என்பதை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். பிற்பாடு ஒரே ஒரு சித்திரம் திருத்தி வரையப்பட்டு வந்தால் அதே அமைப்பில் மறுபடி வருடலாம். கேட்பதற்கு அற்ப விஷயம். ஆனால் இதில் ஒரு ஸ்டூடியோவின் சுபாவமே இருக்கிறது. முடிந்த சித்திரத்தைத் திரும்ப வரையச்சொல்லும் இயக்குநர் ஒருவர் இருந்தாலொழிய இப்படி ஒரு கருவி தேவைப்பட்டிருக்காது. விமர்சகர்கள் மியாசாகியின் பிடிவாதத்தைப் பற்றி எழுதியதைவிட இந்தச் சின்னக் கருவி அதைத் துல்லியமாகச் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிராக நடந்ததையும் சொல்லவேண்டும். டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் கேப்ஸ் என்று ஒரு முறையை உருவாக்கின. 1989ல் 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடைசிக் காட்சியில் அதைப் பரீட்சித்தார்கள். 1990ல் 'ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க அதில் செய்யப்பட்டது. செல் தகடே இல்லாத முதல் டிஸ்னி நெடும்படம் அது. 1992ல் கேப்ஸுக்கு ஆஸ்கார் ஸ்தாபனத்தின் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'லயன் கிங்' எல்லாம் அந்தக் கருவியின் பிள்ளைகள். அது டிஸ்னியின் கதவைத் தாண்டி வெளியே வரவில்லை. விலைக்கும் வரவில்லை, இலவசமாகவும் வரவில்லை. 2004ல் 'ஹோம் ஆன் த ரேஞ்ச்' வந்த கையோடு டிஸ்னி கைச்சித்திரப் படங்களை நிறுத்தியது. 2006ல் 'லிட்டில் மேட்ச்கேர்ல்' என்ற குறும்படத்தோடு கேப்ஸின் ஆயுள் முடிந்தது. 2009ல் 'பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்' மூலம் டிஸ்னியே மறுபடி கையால் வரைந்த படத்துக்குத் திரும்பியபோது அந்த வீட்டில் சொந்தக் கருவி உபயோகத்தில் இல்லை. கடையில் கிடைத்த டூன் பூம் ஹார்மனியை வைத்துத்தான் வேலை நடந்தது. பூட்டி வைத்தவனுக்கும் சாவி உதவவில்லை.

இதிலிருந்து ஒரு நீதி எடுக்கச் சிலருக்கு ஆசை வரும்: பூட்டுகிறவன் கெட்டவன், திறக்கிறவன் நல்லவன் என்று. சரித்திரம் அவ்வளவு சௌகரியமாக இல்லை. பிளெண்டரின் கதையைப் பாருங்கள். நெதர்லாந்தில் டான் ரோஸண்டால் 1988ல் தொடங்கிய நியோஜியோ ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ. அதன் சொந்த உபயோகத்துக்காக 1994ல் ரோஸண்டால் எழுதத் தொடங்கியது பிளெண்டர். 1998ல் அதற்காகத் தனிக் கம்பெனி. முதலீட்டாளர்கள் வந்தார்கள். 2002ல் கம்பெனி மூடப்பட்டது. மென்பொருள் முதலீட்டாளர்களின் கையில் ஒரு செத்த சொத்தாகக் கிடந்தது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். ரோஸண்டால் உபயோகிப்பாளர்களிடம் கேட்டார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13ந் தேதி பிளெண்டர் பொதுச் சொத்தாயிற்று. இதை யாரும் கொடுக்கவில்லை. கடனில் போன பொருளை ஊரார் வசூல் செய்து மீட்டார்கள்.

ஆக மூன்று விதிகள். ஒன்று வீட்டுக்குள்ளேயே மூச்சை விட்டது. ஒன்று ஏலத்திலிருந்து மீட்கப்பட்டது. ஒன்று வாங்கித் தானம் செய்யப்பட்டது. ஆமாம், டூன்ஸும் வாங்கப்பட்டதுதான். டோக்கியோவின் டுவாங்கோ என்ற இணைய வியாபார ஸ்தாபனம் ரோம் கம்பெனியிடமிருந்து அதை வாங்கி, ஜிப்லியின் சம்மதத்தோடு அதன் பதிப்பையும் சேர்த்து வெளியிட்டது. டுவாங்கோவின் தலைவர் நோபுவோ கவாகாமி 2011லிருந்தே ஜிப்லியில் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியிடம் பயிற்சியாளராக இருந்தவர். 2013ல் மியாசாகி ஓய்வு அறிவித்தார். 2014ல் ஜிப்லி தன் தயாரிப்புப் பகுதியைக் கலைத்தது. கருவி வாசலுக்கு வந்த 2016ல் உள்ளே நெடும்படத்துக்கான மேஜைகள் பெரும்பாலும் காலி. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை தன் கருவியைக் கொடுப்பது வேறு, ஓய்ந்த பட்டறை கொடுப்பது வேறு. பின்னதில் உயிலின் சாயல் இருக்கிறது. பிறகு மியாசாகி திரும்பிவந்ததும், 2023ல் 'த பாய் அண்ட் த ஹெரான்' வெளியானதும் 2016 மார்ச்சில் யாருக்கும் தெரியாது.

உரிமத்திலும் பேதம் உண்டு. பிளெண்டரின் உரிமம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: நீ இதைத் திருத்தி ஊருக்குக் கொடுத்தால் உன் திருத்தத்தையும் திறந்து கொடு. ஓப்பன் டூன்ஸின் உரிமம் அப்படி எதுவும் கேட்பதில்லை. எடுத்தவன் திருத்தி, மூடி, விற்றுக்கொள்ளலாம். முதலாமவன், வாங்கியதை அடுத்தவனுக்குக் கொடு என்கிறான். இரண்டாமவன், உன் இஷ்டம் என்கிறான். இரண்டும் கொடைதான். ஆனால் முதலாவதில் ஒரு சமூகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு இருக்கிறது. இரண்டாவதில் கொடுத்ததோடு கைகழுவும் தாராளம். எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் தஹோமா டூடி என்ற கிளையை ஆர்வலர்கள் ஓப்பன் டூன்ஸிலிருந்து பிரித்து, அதையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். நிபந்தனை இல்லாமலும் அடுத்தவனுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

பெரிய ஸ்டூடியோக்கள் கொடுப்பதை நான் இத்தனை மிருதுவாகப் பார்ப்பதில்லை. ஐஎல்எம் ஸ்தாபனம் தன் பிம்பக் கோப்பு முறையான ஓப்பன் ஈஎக்ஸ்ஆரை 2003ல் வெளியிட்டது. பிக்ஸார் தன் காட்சி விவரண முறையான யுஎஸ்டியை 2016ல் திறந்தது. அதுவும் அதே வருஷம் என்பது கவனிக்கவேண்டியது. ட்ரீம்வொர்க்ஸ் தன் மூன்ரே என்ற பிம்பமாக்கும் மென்பொருளை 2023ல் கொடுத்தது. இந்த மாதிரித் திறந்த நிரல்களைப் பராமரிக்க 2018ல் ஆஸ்கார் ஸ்தாபனமே ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியது. இதில் தர்மம் கொஞ்சம், கணக்கு நிறைய. ஒரு படத்தின் வேலை பல கம்பெனிகளில் சிதறிக்கிடக்கும் காலத்தில் எல்லோரும் ஒரே கோப்பு முறையை உபயோகித்தால் எல்லோருக்கும் செலவு மிச்சம். தன் கருவியை ஊர் முழுக்கக் கற்றுவைத்திருந்தால் புதிய ஆளைப் பழக்குகிற வேலையும் மிச்சம். தண்டவாளத்தின் அகலத்தைப் பொதுவாக்குகிற காரியம் இது. ரயில் அவரவருடையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடை என்ற ஒரே சொல்லின் கீழே இத்தனை வித உத்தேசங்கள் அடங்கியிருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி விஷயத்தின் கசப்பான பகுதிக்கு வரவேண்டும். டூன்ஸைக் கொடுத்த அதே 2016ல், நவம்பர் மாதம், ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி மியாசாகியைப் பற்றி ஒரு விவரணப்படம் ஒளிபரப்பியது. அதில் கவாகாமியும் அவர் குழுவினரும் மியாசாகிக்கு ஒரு பரிசோதனையைக் காட்டுகிறார்கள். மனித உருவமொன்று தலையைக் காலாக உபயோகித்துத் தரையில் ஊர்ந்து போகிறது. அந்த அசைவை யாரும் வரையவில்லை. யந்திரம் தானாகக் கற்றுக்கொண்டது. மியாசாகி உடற்குறையுள்ள தம் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். கையை உயர்த்தித் தொடுவதே அவருக்கு எத்தனை சிரமம் என்கிறார். இதைச் செய்தவர்களுக்கு வலி என்றால் என்னவென்று தெரியாது என்றும், இதை உயிருக்கே செய்த அவமதிப்பாகத் தாம் உணர்வதாகவும் சொல்கிறார். அறையில் யாரும் பேசவில்லை. அந்தக் காட்சியைப் பலர் பலவிதமாக மேற்கோள் காட்டியாயிற்று. நான் கவனிப்பது வேறொன்று. கருவியை ஊருக்குக் கொடுத்தவரும், கையே தேவையில்லாத கருவியைக் கொண்டுவந்து காட்டியவரும் ஒரே மனிதர். அவர் மனசில் இரண்டுக்கும் முரண் இருந்திருக்காது. முன்னேற்றம் என்ற ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு கற்கள்.

எனக்கு முரண் தெரிகிறது. டூன்ஸ் ஒரு வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கருவி. அந்த வெற்றிடத்தில் ஒரு கை வந்து அமரவேண்டும். தாளின் துளையை அது தேடுகிறது என்றால் எங்கோ ஒருவன் தாளில் வரைந்திருக்கிறான் என்று நம்புவதால் தேடுகிறது. வரைந்தவன் இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை. ஆகவே அதைக் கொடுப்பது பாதியைக் கொடுப்பது. மறுபாதியை வாங்கிக்கொண்டவன் தன் வருஷங்களைக் கொண்டு நிரப்பவேண்டும். அச்சுக்கோத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அச்சாபீஸ் கிடைப்பதால் கவிதை கிடைத்துவிடாது. அச்சாபீஸே கிடைக்காவிட்டால் கவிதை தலையணைக்கடியில் கிடக்கும் என்பதும் நிஜம்.

2025 மார்ச் கடைசியில் நடந்தது இதன் மறுபக்கம். ஓபன்ஏஐ கம்பெனி தன் சாட்ஜிபிடியில் பிம்பம் உண்டாக்கும் வசதியொன்றை வெளியிட்டது. சில நாட்களுக்குள் உலகமெங்கும் கல்யாணப் படங்களும் குடும்பப் படங்களும் அரசியல்வாதிகளின் படங்களும் ஜிப்லி சாயலில் மாற்றப்பட்டுச் சுற்றிவந்தன. எனக்கும் நண்பர்கள் அனுப்பினார்கள். அவர்களுடைய குழந்தைகளின் முகங்கள். பெரிய கண்கள், மென்மையான பச்சை, மாலை வெளிச்சம். அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சொந்தக்காரி இருந்தார். மிச்சியோ யாசுதா 2016 அக்டோபர் 5ந் தேதி தமது 77வது வயதில் இறந்துபோனார். கருவி பொதுவுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு ஸ்டூடியோ தன் கருவியை, அது எப்படி வேலை செய்கிறது என்பதன் கடைசி வரி வரைக்கும், வாசலில் வைத்தது. அதை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு சிறு கூட்டம். ஜிப்லியிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய போனாக் ஸ்டூடியோ 2017ல் 'மேரி அண்ட் த விட்ச்சஸ் ஃபிளவர்' படத்தை ஓப்பன் டூன்ஸில் செய்தது. மாணவர்களும் தனியாட்களும் உபயோகிக்கிறார்கள். அதே ஸ்டூடியோ எதைக் கொடுக்கவில்லையோ, அதாவது அதன் சாயலை, அதை உலகமே ஒரு வாரத்தில் எடுத்துக்கொண்டது. கேட்டு வாங்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. கொடுத்ததை வாங்க ஆளில்லை, கொடுக்காததற்குக் கூட்டம். முன்னதற்கு உழைப்பு தேவை, பின்னதற்கு ஒரு வாக்கியம் போதும் என்பதுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் குற்றத்தை முழுக்க ஜனங்கள் தலையில் போட எனக்கு மனமில்லை. சாயலைத் தவிர வேறெதையும் பார்க்க நாம் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஜிப்லி என்றால் மியாசாகி, மியாசாகி என்றால் பறக்கும் பெண்கள், காற்று, புல்வெளி என்றே எழுதி வந்திருக்கிறோம். அந்தப் புல்லுக்கு எண் கொடுத்த கையைப் பற்றி எழுதவில்லை. கையை மறைத்துச் சாயலை மட்டும் புகழ்ந்த விமர்சனம், கையில்லாத சாயல் வந்து நிற்கும்போது அதை எந்த நியாயத்தில் மறுக்கும்?

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் போகவில்லை. லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்ற இளைஞரின் 'ஃப்ளோ' 2025 மார்ச்சில் சிறந்த நெடுஞ்சித்திரப் படத்துக்கான ஆஸ்கார் பெற்றது. வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனையின் கதை. வசனமே கிடையாது. அது முழுக்க பிளெண்டரில் செய்யப்பட்டது. ஊரார் வசூல் செய்து மீட்ட அதே மென்பொருள். நெதர்லாந்தின் ஒரு சின்ன ஸ்டூடியோவின் சொந்தக் கருவி, முப்பது வருஷம் கழித்து, பெரிய ஸ்டூடியோ எதுவும் இல்லாத ஒரு தேசத்தில் ஒரு கையைச் சென்று சேர்ந்திருக்கிறது. இந்தப் பரிசும், சாட்ஜிபிடியின் சாயல் வெள்ளமும் ஒரே மாதத்து நிகழ்ச்சிகள். எந்த மார்ச்சைச் சரித்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை.

என் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறை தன் கருவியைப் பொதுவில் வைக்கும்போது கலையைக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது. அது கொடுப்பது தன் வேலையின் வரலாற்றை. எந்தச் சங்கடத்துக்கு என்ன வழி கண்டோம், எதை இன்னொரு தரம் செய்யச்சொன்னோம், எந்தக் கோடு தெரியக்கூடாது என்று நினைத்தோம் என்பதெல்லாம் அந்த நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பானில் 'ஸசாய்-சான்' தொலைக்காட்சித் தொடர் 2013 வரை செல் தகட்டில் தாக்குப்பிடித்தது. அத்தோடு அங்கே தொழில்முறைச் செல் வேலை ஓய்ந்தது. தகடுகள் இப்போது சேகரிப்பாளர்களிடம் விலைபோகும் பொருட்கள். வர்ணக் கலவையின் கணக்கு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பங்காவது, யாரும் திறந்து படிக்கக்கூடிய இடத்தில், எண்ணும் கோடுமாக மிஞ்சியிருக்கிறது. இதை ஓவியர்கள் படம் செய்ய உபயோகிக்கட்டும். எழுதுகிறவர்கள் படிக்கவேண்டும் என்பது என் கட்சி.